ரெசின் தலை, ரெசின் கை: அறுக்கும் வாளை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1/35 அளவு பிளாஸ்டிக் சிப்பாய் உருவம் ஒன்றை எடுத்து, மட்டக்களப்பு வாவியில் தோணியில் நின்று வலை வீசும் ஆளாக மாற்றப் பார்க்கிறாராம். அதற்காக ரெசினில் வார்த்த தலைகள் ஒரு செட்டும், வெறுங்கைகள் ஒரு செட்டும், துடுப்பு ஒன்றும் வெளிநாட்டில் இருந்து எடுப்பித்திருக்கிறார். ஒரு கையை அடிக்கட்டையில் இருந்து நறுக்கும்போது இரண்டு விரல்கள் போய்விட்டன. ஒரு தலையை ஒட்டினால் கழுத்தைச் சுற்றி வெள்ளை பூத்து, அடுத்த நாள் தானாகவே கழன்று விழுந்தது. இரண்டாவது தலை ஒட்டிக்கொண்டது, ஆனால் ஆகாயத்தைப் பார்த்தபடி நிற்கிறது. துடுப்பு வளைந்தே வந்திருக்கிறது. என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, கைக்கும் தலைக்கும் வந்த கரைச்சலில் பெரும்பகுதி ஒரே இடத்தில் இருந்துதான் வருகிறது. துண்டை அடிக்கட்டையில் இருந்து பிரித்த பிறகுதான் வேலை தொடங்குகிறது என்று நினைத்துவிட்டீர்கள். முக்கால்வாசி வேலையைத் துண்டு கட்டையோடு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அந்தக் கட்டை வார்ப்பின்போது ரெசின் ஊற்றிய வழியில் மிஞ்சியதுதான், ஆனால் உங்களுக்கு அதுதான் பிடி. அதை முதலில் வெட்டி எறிந்தால், அரிசி மணி அளவுத் துண்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியதுதான்.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 175 செ.மீ. உயரமான ஆள் 1/35இல் 50 மி.மீ. வருவான். தலை ஆறரை மி.மீ. அளவு. மணிக்கட்டின் அகலம் ஒன்றே முக்கால் மி.மீ.க்குள், கனம் ஒரு மி.மீ.க்குச் சற்று மேலே. விரல் அரை மி.மீ.கூட வராது. நறுக்கியால், அதுதான் அந்தச் சின்ன வெட்டுக் குறட்டால், கட்டையைக் கடித்தபோது உங்கள் விரல்கள் ஏன் போயின என்பது இதில் இருந்தே விளங்கும். நறுக்கியின் வாய் ஆப்பு மாதிரி உள்ளே இறங்கும். பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வார்த்த ரெசின் வளையாது, அழுத்தம் அப்படியே ஓடிப்போய் மிக மெல்லிய இடத்தில் முறியும். ரெசின் வேலையில் நறுக்கியைத் தொடவே வேண்டாம். வாள்தான்.

இவ்வளவு பாடுபட்டு ரெசினுக்கு ஏன் போகிறோம் என்று சிலர் கேட்பார்கள். பிளாஸ்டிக் உருவங்கள் உருக்கு அச்சில் வருபவை. அச்சு இரண்டு பக்கமும் நேராகத் திறக்க வேண்டும், அதனால் காதுக்குப் பின்னாலும் விரல்களுக்கு நடுவிலும் நாடிக்குக் கீழும் பள்ளம் விழாது, வழுக்கலாகவே இருக்கும். ரெசின் துண்டுகளை வார்ப்பது சிலிக்கோன் அச்சில். அது ரப்பர் போல வளைந்து விடும் என்பதால் உள்மடிப்புகளும் தப்பி வரும். ஹார்னெட் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்களின் தலைகளுக்கு இந்தப் பொழுதுபோக்கில் இவ்வளவு பெயர் இருப்பதற்கு, சிற்பியின் கைத்திறனோடு இதுவும் காரணம். என்னைக் கேட்டால் பழைய பிளாஸ்டிக் உருவத்துக்குத் தலையையும் கைகளையும் மட்டும் மாற்றினாலே போதும். பார்ப்பவரின் கண் முதலில் போவது அந்த மூன்று இடத்துக்குத்தான். பூட்ஸ், பெல்ட் என்று எல்லாவற்றையும் மாற்றுவது காசுக்குக் கேடு. உங்கள் ஆளுக்கு வெறுங்கால் வேண்டும், அது வேறு கதை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் கழுவுங்கள். அச்சில் இருந்து இலகுவாகக் கழற்றுவதற்குப் பூசும் எண்ணெய்ப் பசை ரெசினின் மேல் ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பசையையும் பெயின்றையும் பிடிக்க விடாது. உங்கள் முதல் தலை கழன்றதற்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள். கட்டையோடு கழுவினால் பிடித்துக்கொள்ள இடம் இருக்கும். தனித் துண்டாக இருந்தால் தேயிலை வடிக்குள் போட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் சிங்க் ஓட்டைக்குள் போய்விடும். கொதிநீர் வேண்டாம், மெல்லிய துண்டு வளைந்து போகும். கழுவிக் காய்ந்த பிறகு ஒட்டும் முகங்களை விரலால் தொடாதீர்கள். நமது வெக்கைக்கு விரலில் எப்போதும் வியர்வை இருக்கும்.

அடுத்தது, கட்டையில் இருக்கும்போதே காற்றுக் குமிழிகளைப் பாருங்கள். மூக்கு நுனி, காது மடல், விரல் நுனி, இந்த இடங்களில்தான் வரும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் குழி நிழல் விழுத்தும். மெல்லிய தோல் மூடிய குமிழி என்றால் ஊசி நுனியால் உடைத்துத் திறந்துவிடுங்கள். இப்போது மூடிக்கிடந்தாலும் பெயின்ற் அடித்த பிறகு உடைந்து உங்களை அழவைக்கும். நிரப்புவதற்குச் சுப்பர் குளூவும் அப்பச்சோடாவும் போதும். குழியில் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவை ஊசியால் தள்ளி, அதன்மேல் துளி பசையைத் தொட்டால் அந்த நொடியிலேயே கல்லாகும். அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். ஒரு நாள் போனால் நிரப்பிய இடம் சுற்றியுள்ள ரெசினைவிட இறுகிவிடும், பிறகு தேய்த்தால் ரெசின்தான் குறையும், மேடு அப்படியே நிற்கும்.

தேய்ப்பது எல்லாம் தண்ணீரில். வாகனம் பெயின்ற் அடிப்பவர்கள் பாவிக்கும் வாட்டர் பேப்பர் ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும். 400, 800, 1200 என்று மூன்று தாள் போதும். ரெசின் தூசு மிக நுண்மையானது, சுவாசப்பைக்கு ஆகாது. ஈரமாகத் தேய்த்தால் தூசு பறக்காமல் தண்ணீரோடு சேறாகப் போய்விடும். முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய மெல்லிய நீலக் கவசம் நுண் தூசுக்குப் போதாது, இறுக்கமாகப் பிடிக்கும் என்95 வகை நல்லது. வீட்டில் சாப்பிடும் மேசையில் செய்பவர்கள் வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும், துடைப்பத்தால் கூட்டக் கூடாது.

துளைகளையும் கட்டையோடுதான் போட வேண்டும். வலைக்கயிறு பிடிக்கும் கை என்றால் உள்ளங்கைக்குள் கயிறு போகும் துளையை இப்போதே போடுங்கள். மணிக்கட்டுத் துளைக்கு ஒரு வழி இருக்கிறது. கைகளுக்குக் கட்டை பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கத்தில்தான் இருக்கும். அந்தக் கட்டையை வாளால் சிறிது சிறிதாகக் குறைத்து 3 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கட்டையின் அடியில் இருந்து, மணிக்கட்டின் நடுவைப் பார்த்து, 0.4 அல்லது 0.5 மி.மீ. துளைக்கம்பியைக் கையால் திருகி மேலே ஏற்றுங்கள். இரண்டு பக்கமாகவும் திருப்பிப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். கட்டை துளைத்து மணிக்கட்டுக்குள் ஒரு மி.மீ. போனால் போதும். அதன் பிறகு கட்டையை வெட்டி எடுத்தால் துளை நடுவிலேயே நிற்கும். வெட்டிய பிறகு ஒன்றே முக்கால் மி.மீ. முகத்தில் நடுவைத் தேடித் துளைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மின்சுற்றுப் பலகைக்குப் பாவிக்கும் கார்பைட் துளைக்கம்பிகள் மலிவாகக் கிடைக்கும், நன்றாக வெட்டும், ஆனால் கை சற்றுச் சரிந்தாலும் பட்டென்று உடைந்து துண்டுக்குள்ளேயே நின்றுவிடும். கையால் திருகுவதற்குச் சாதாரண ஹைஸ்பீட் ஸ்டீல் கம்பிதான் பொறுமையானது.

வாள் விஷயத்தில் ஒரு யோசனை. இதற்கென்றே விற்கும் மெல்லிய வாள்களை வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கலாம்தான். அதைவிட நகை வேலை செய்யும் பத்தர் யாரையாவது கேளுங்கள். அவர்கள் தகட்டை அறுக்கும் அந்த மெல்லிய வாள் அலகில் 4/0 என்ற அளவு ஏறக்குறைய 0.2 மி.மீ. கனம்தான். நூல் போல இருக்கும், ரெசினை வெண்ணெயாக அறுக்கும், நெருக்கமான இடத்தில் வளைந்தும் போகும். டசின் கணக்கில் கட்டாக விற்பார்கள். சின்ன அரங்களும் அவர்களிடம் இருப்பவைதான் திறமானவை. பல் வைத்தியர்கள் கழித்துவிடும் உருண்டை முனைத் துளைகருவிகள் கிடைத்தால் விடாதீர்கள், கழுத்துக் குழி தோண்ட அதற்கு மிஞ்சினது இல்லை.

வெட்டும்போது துண்டுக்கு ஒட்ட வெட்டாமல் அரை மி.மீ. மிச்சம் விட்டு வெட்டி, மீதியை வாட்டர் பேப்பரில் தேய்த்து எடுங்கள். ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டு போகாமல் சுற்றிவர ஒவ்வொரு கீறல் போட்டு உள்ளே போனால் கடைசியில் முறிந்து சிதறாது. உள்ளே தெரியும் பொலித்தீன் பை ஒன்றுக்குள் இரண்டு கையையும் விட்டு வெட்டுவது பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பறந்த துண்டு பைக்குள்ளேயே இருக்கும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். வெக்கை தாங்காது என்றால் இந்த வேலையை விடியற்காலையில் வையுங்கள்.

இடுக்கியால் சின்னத் துண்டைப் பிடிப்பதும் ஆபத்துத்தான். சற்று அழுத்தம் கூடினால் கவணில் வைத்த கல்லாக எங்கேயோ போய்விடும். தென்னை ஈர்க்கின் நுனியில் சுவரில் படம் ஒட்டப் பாவிக்கும் புளூ டக் பசைக்களியைச் சிறிது உருட்டி ஒட்டி, அதில் துண்டைக் குத்தி எடுங்கள். ஈர்க்கு வளையும், துண்டு பறக்காது.

இனி முள் போடும் விஷயம். கம்பி முள் இல்லாமல் வெறும் பசையில் நிற்கும் கை, ஒரு தரம் விழுந்தால் போய்விடும். உங்கள் ஆள் வலை வீசுபவன், கை உடலை விட்டு வெளியே நீண்டு நிற்கும், அதில் வலையின் பாரமும் தொங்கும். மணிக்கட்டுக்கு 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி போடுங்கள். பேப்பர் கிளிப் கம்பி ஒரு மி.மீ.க்குக் கிட்ட வரும், மணிக்கட்டைப் பிளந்துவிடும். கழுத்துக்கு அது சரி. உடைந்த விரலைத் திரும்ப வைக்க கிற்றாரின் மிக மெல்லிய கம்பி நல்லது, கால் மி.மீ. அளவு, விறைப்பாகவும் இருக்கும். விரலுக்குள் துளைபோட மினக்கெடாமல் அந்தக் கம்பியையே விரலாக வைத்து, மேலே எபொக்சி புட்டியை (இரண்டு களியைச் சேர்த்துப் பிசைந்தால் இறுகுவது) பூசி வடிவம் எடுக்கலாம். உங்கள் இரண்டு விரலுக்கும் அதைத்தான் செய்யச் சொல்வேன். வலைக்குள் மறையும் விரல் என்றால் அதுவும் தேவையில்லை.

கைப்பக்கத்தில் முள் நின்ற பிறகு, பிளாஸ்டிக் புயத்தில் துளை எங்கே வரவேண்டும்? முள்ளின் நுனியில் பெயின்ற் ஒரு பொட்டு வைத்து, கையைச் சரியான கோணத்தில் புயத்தோடு தொட்டு எடுங்கள். பொட்டு விழுந்த இடத்தில் துளை. அந்தத் துளையை மட்டும் முள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால், ஒட்டும்போது அப்படி இப்படி நகர்த்த இடம் இருக்கும்.

சிப்பாய் உருவத்தில் சட்டைக் கையின் விளிம்புக்குள் பொருத்தை மறைத்துவிடலாம், அதனால்தான் எல்லாரும் அங்கே வெட்டுவார்கள். உங்கள் ஆள் மேலுக்கு ஒன்றும் போடாதவன், மறைக்க இடமில்லை. பொருத்து மணிக்கட்டிலேயே வரட்டும், அதன்மேல் கோயில் நூல் கட்டினது போல மெல்லிய நூல் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு கைக்கடிகாரப் பட்டி. கடலிலும் வாவியிலும் நிற்கும் மனிதரின் கையில் இரண்டுமே இருக்கக்கூடியதுதான், யாரும் அதற்குக் கீழே பார்க்க மாட்டார்கள்.

தலைக்கு வருகிறேன். இங்கேதான் ஆற அமர வேலை செய்ய வேண்டும். பிளாஸ்டிக் உருவத்தின் கழுத்துக் குழி தட்டையாக இருக்கும், ரெசின் தலையின் கழுத்து நீண்டு உருண்டையாக முடியும். பலர் கழுத்தை வெட்டித் தட்டையாக்கி ஒட்டுகிறார்கள். அப்போது தலை நேரே பார்க்கும், கழுத்தும் கட்டையாகிவிடும். உடலில் தோண்டுங்கள், தலையில் வெட்டாதீர்கள். உருண்டை முனைக் கருவியால் இரண்டு தோளுக்கும் நடுவே கிண்ணம் போலத் தோண்டி, அதற்குள் எபொக்சி புட்டி சிறு உருண்டை வைத்து, தலையின் கழுத்தில் தண்ணீர் தொட்டு அழுத்துங்கள். இப்போது தலையை எந்தப் பக்கமும் திருப்பலாம், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நேரம் இருக்கும். வலை வீசுபவன் வலை விழப்போகும் தண்ணீரைப் பார்ப்பான். அவனுடைய நாடி கொஞ்சம் தாழ்ந்து, முகம் முன்தோளின் பக்கம் திரும்பியிருக்கும். சிலர் வலையின் ஈயக்கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு வீசுவார்கள். அப்படிச் செய்வதென்றால் செட்டில் வாய் இறுகிய முகத்தை எடுங்கள், கத்துகிற முகம் சரிவராது. கோணம் பிடித்ததும் அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் தலையை மெதுவாகத் திருகி எடுத்தால் கழுத்தின் அச்சு புட்டியில் அப்படியே இருக்கும். தலையைத் தனியாகப் பெயின்ற் அடித்து, கடைசியில் அதே அச்சில் ஒட்டலாம்.

முகங்கள் எல்லாம் ஐரோப்பியச் சாடையாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். ஆறரை மி.மீ. தலையில் ஆளைக் காட்டுவது தோலின் நிறமும் முடியும் மீசையும்தான். தொப்பி இல்லாத, முடி குறைந்த தலையாக எடுத்து, முடியைப் புட்டியில் வையுங்கள், அல்லது துவாயைத் தலையில் கட்டிவிடுங்கள்.

ஆகாயம் பார்க்கும் அந்த இரண்டாவது தலையை உடைக்க வேண்டாம். சுப்பர் குளூ குளிரில் நொறுங்கும் தன்மை உள்ளது. உருவத்தை ஒரு பொலித்தீன் பையில் போட்டு ஃபிரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, வெளியே எடுத்த உடனே தலையைத் திருகிப் பாருங்கள். பெரும்பாலும் கழன்றுவிடும். வராவிட்டால் திரும்ப வையுங்கள். அசிற்றோனை மட்டும் தொடாதீர்கள், பசையைக் கரைக்கப் போய்ப் பிளாஸ்டிக் உடம்பைக் கரைத்துவிடும்.

வெள்ளை பூத்தது பற்றி. ரெசினுக்குப் பிளாஸ்டிக் பசை பிடிக்காது. அது பொலிஸ்டைரினை உருக்கித்தான் ஒட்டுகிறது, ரெசின் அதில் உருகாது. ஆகவே சுப்பர் குளூ அல்லது அரல்டைட் போன்ற இரு குழாய்ப் பசை. சுப்பர் குளூ காற்றிலும் மேற்பரப்பிலும் உள்ள ஈரத்தைத் தொட்டு இறுகும் பொருள். பசை கூடிப்போனால் இறுகாத பகுதி ஆவியாகி, பக்கத்தில் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைத் தூளாகப் படியும். மாரி காலத்தில், அதுவும் வாவியோர வீடுகளில், இது வரக்கூடும். துளியைக் குறையுங்கள். தையல் ஊசியின் காதை உச்சியில் அராவித் திறந்தால் இரண்டு முனைக் கவை போல வரும். பசையில் தொட்டால் அந்தக் கவைக்குள் நிற்கும் அளவுதான் ஒரு பொருத்துக்குத் தேவை. ஒட்டின பிறகு ஃபேனைப் போட்டுவிடுங்கள், ஆவி தங்காது. ஏற்கெனவே பூத்த வெள்ளை, பெயின்றுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமருக்குக் கீழே மறைந்துவிடும். கழுத்துக்கு நான் அரல்டைட்டையே விரும்புவேன். மெதுவாக இறுகும், அவசரப்படுத்தாது.

பசை போத்தலைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான மூடி போட்ட போத்தலுக்குள் வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் நீண்ட நாள் வரும். எடுத்த கையோடு திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்காவிட்டால் உள்ளே ஈரம் படிந்து கட்டியாகும். இன்னொன்று, பருத்திச் சாரத்தோடு இருந்து சுப்பர் குளூ வேலை செய்பவர்கள் மடியில் தடித்த பொலித்தீன் விரித்துக்கொள்ளுங்கள். பருத்தியில் ஊற்றுப்பட்டால் சடாரெனச் சூடேறித் தோலைச் சுட்டுவிடும், புகைகூட வரும்.

பிரைமர் அடிக்காமல் ரெசினில் அக்ரிலிக் பெயின்ற் நிற்காது. வாகனங்களுக்கு அடிக்கும் சாம்பல் நிற ஸ்ப்ரே பரவாயில்லை, ஆனால் கனமாக அடித்தால் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத்தில் முதலில் அடித்துப் பாருங்கள். மழை நாளில் அடித்தால் பால் படர்ந்தது போல வெளிறும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதற்கு நேர்மாறு, துளிகள் துண்டில் விழுவதற்கு முன்னமே காற்றில் காய்ந்து மணல் மாதிரி சொரசொரப்பாகப் படியும். அந்தக் காலத்தில் காற்று எழும்பு முன், காலையில் கிட்ட வைத்து மெல்லிய பூச்சாக அடியுங்கள்.

இப்போது வருகிற செட்டுகளில் பல வார்த்தவை அல்ல, முப்பரிமாண அச்சில் எடுத்தவை. ஒரே தடித்த கட்டைக்குப் பதிலாக நுளம்பின் கால் போல நிறைய மெல்லிய தாங்கிகள் இருந்தால் அதுதான். இவை இன்னும் நொறுங்கும். தாங்கிகளைக் கழற்றுவதற்கு முன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் வைத்தால் மெதுமையாகும். தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் சரியாக இறுகவில்லை, கையுறை போட்டுத் தொடுங்கள், தோலுக்கு ஒவ்வாமை தரும். ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் கழுவிக் காயவைத்துக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இறுகும். நாள் முழுக்க வைத்தால் மஞ்சளாகி இன்னும் நொறுங்கலாகும்.

கடைசியாக அந்தத் துடுப்பு. வார்த்த ரெசின் என்றால் பயமில்லை. கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் போட்டால் இளகும். எடுத்துத் தட்டையான கண்ணாடியின் மேல் வைத்து, இன்னொரு கண்ணாடியால் அழுத்திப் பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்குங்கள். ஒரு தரத்தில் நிமிராவிட்டால் இரண்டாம் தரமும் செய்யலாம். அதோடு, துடுப்பை வெயில் படும் யன்னலோரமோ மூடிய வாகனத்துக்குள்ளோ வைக்காதீர்கள், நமது மே மாதச் சூட்டுக்கு அது திரும்பவும் வளைந்துவிடும். அடிக்கடி வெளியே கொண்டுபோய்க் காட்டும் எண்ணம் இருந்தால் ரெசின் துடுப்பின் அலகை மட்டும் வைத்துக்கொண்டு, தண்டைப் பித்தளைக் கம்பியில் போடுங்கள்.